ஒன்றும் முளைக்காத தட்டு

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் அவரை எல்லோரும் ‘படிச்சாச்சா அக்கா’ என்றுதான் சொல்வார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மூன்றாம் மாடியில் வராண்டா முடிகிற இடத்தில் மருந்து அறை. யார் போய் எந்தப் புட்டியைக் கேட்டாலும், அவர் பெரிய பட்டம் வாங்கியவராகவே இருக்கட்டும், அக்கா புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்: “தாளப் படிச்சாச்சா?” படிக்கவில்லை என்றால் புட்டி கிடைக்காது. படித்துவிட்டேன் என்று பொய் சொன்னால், “சரி, கண்ணுல பட்டா என்ன செய்யணும்?” என்று அடுத்த கேள்வி வரும். மாட்டிக்கொண்டவர்கள் அங்கேயே நின்று படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தாள் என்றால் ஒவ்வொரு மருந்துப் பெட்டியோடும் மடித்து வருகிற தாள். இது என்ன பொருள், எதில் கரையும், எவ்வளவு குளிரில் வைக்க வேண்டும், மேலே பட்டால் என்ன ஆகும், மிச்சத்தை எங்கே கொட்டக் கூடாது, எல்லாம் பொடி எழுத்தில் அதில் இருக்கும். மற்றவர்கள் பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கி எறிவது அதைத்தான். அக்கா அதை நீவி, துளை போட்டு, கோப்பில் சேர்த்து வைத்திருப்பார்.

நான் அதே கூடத்தில் குளிர்சாதன மெக்கானிக். ஃப்ரீசர், ஃப்ரிட்ஜ், ஏசி, எது நின்றாலும் என்னைத்தான் தேடுவார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். பெட்டி கெட்டுப்போச்சு என்று யாராவது வந்தால், “கதவ ஒழுங்கா மூடினீங்களா?” என்பதுதான் என் முதல் வார்த்தை. இயந்திரம் தப்பு செய்யாது, ஆள்தான் செய்வான் என்பது இருபத்திரண்டு வருஷமாக என் கட்சி. அந்தக் கட்சி எப்படிக் கவிழ்ந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அக்கா முதலில் வேலைக்குச் சேர்ந்தது கண்ணாடி கழுவ. கீழ்த்தளத்தில் கழுவும் அறை. நாள் முழுக்கக் குடுவை, குழாய், தட்டு. அப்படி ஒரு நாள் தராசு மேசையில் யாரோ வெள்ளைத் தூளைச் சிந்திவிட்டுப் போயிருக்கிறார்கள். துடைக்கச் சொன்னார்கள், துடைத்தார். காய்ந்த துணியால் துடைத்து, துணியை உதறி, போட்டிருந்த வேலைக் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷன், பெண்டாட்டி களைத்து வந்திருக்கிறாளே என்று கோட்டை உதறி அவரே ஊறப்போட்டார். அரை மணி நேரத்தில் அவருக்கு உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து வீட்டு வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “இவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?” சின்ன வயதில் ஒரு பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்தது அவருக்கு நினைவு இருந்தது. ஆனால் வீட்டுக்குள் பென்சிலின் எங்கிருந்து வரும்? அக்காவுக்கு அப்போதுதான் அந்த வெள்ளைத் தூள் நினைவுக்கு வந்தது.

ஆள் பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலை அக்கா தராசு அறைக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தாளைத் தேடி எடுத்தார். புரியாத வார்த்தைகளை ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டுப் படித்தார். ஆம்பிசிலின். பென்சிலின் இனம். தூளை மூச்சில் இழுத்தாலோ தோலில் பட்டாலோ சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். ஈரத் துணியால் துடைக்கவும், உதறக் கூடாது. வேலை உடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. எல்லாம் எழுதித்தான் இருந்தது.

“எழுதி வச்சிருக்கான் தம்பி, அவ்வளவும் எழுதி வச்சிருக்கான். படிச்சவங்க இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!” என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னபோதும் அந்தத் தாளைக் கோப்பிலிருந்து உருவி என் முன்னால் வைத்தார். அன்றிலிருந்துதான் தாள் சேர்க்கிற பழக்கம். கழுவும் அறையில் இருந்தபடியே ஒவ்வொரு மருந்தையும் படித்தார். நாலு வருஷம் முன்னால் மருந்து அறைக்காரர் வேலையை விட்டுப் போனபோது, எங்கள் தலைவி, எல்லோரும் மேடம் என்று கூப்பிடுகிறவர், வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று அக்காவை மேலே கூட்டி வந்தார். வேறு ஆளைத் தேட அப்புறம் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த அறையை அவர் வைத்திருந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தூள் எடை போடும்போது மின்விசிறி நிற்கும், கதவு சாத்தியிருக்கும். காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிற கண்ணாடிக் கூண்டுக்குள், ஹூட் என்போம், தராசு. முகமூடி, கண்ணாடி, இரண்டு கைக்கும் இரட்டைக் கையுறை. கரைத்த மருந்தைச் சின்னச் சின்ன ட்யூப்களில் ஒரு தடவை உபயோகத்துக்கு மட்டும் பிரித்து, தேதி எழுதி, ஃப்ரீசரில் வைப்பார். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்க விடமாட்டார். “உருகி உருகி உறைஞ்சா மருந்து செத்துப் போகும். பாக்க அப்படியே தண்ணி மாதிரிதான் இருக்கும். அதான் ஆபத்து” என்பார்.

இந்த ஆம்பிசிலினால் எங்கள் கூடத்தில் என்ன வேலை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவுக்குள் தங்களுக்கு வேண்டிய ஒரு மரபணுவை ஆராய்ச்சிக்காரர்கள் நுழைப்பார்கள். கோடியில் சிலதுதான் அதை வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டது எது, வாங்காதது எது என்று கண்ணால் தெரியாது. அதனால் அந்த மரபணுவோடு ஆம்பிசிலினைத் தாங்கும் சக்தியையும் சேர்த்து அனுப்பிவிட்டு, அகார் என்கிற கூழில் ஆம்பிசிலினைக் கலந்து ஊற்றி உறையவைத்த தட்டில் பரப்புவார்கள். வாங்கியது முளைக்கும், மற்றது சாகும். மருந்து சரியாக இருந்தால் தட்டில் பத்துப் பன்னிரண்டு புள்ளி, பளிச்சென்று தனித்தனியாக இருக்கும். மருந்து செத்திருந்தால் கண்டதும் முளைத்துத் தட்டே நாசம்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். மருந்து அறையின் பழைய ஃப்ரீசர் ஒரு நாள் கம்ப்ரெசர் எரிந்து நின்றுவிட்டது. பெரிய பெட்டி, உள்ளே ஐஸ் மலை மாதிரி கட்டும். மாதம் ஒரு தடவை அக்கா எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துவிட்டு மரக்கரண்டியால் ஐஸைச் சுரண்டுவார். நான் பாவம் பார்த்து, ஸ்டோரில் சும்மா கிடந்த புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். விருந்தினர் விடுதிக்காக வாங்கிய வீட்டு உபயோகப் பெட்டி. பளபளவென்று இருந்தது, கதவில் எண் காட்டுகிற திரை வேறு.

“மைனஸ் இருபது நிக்குமா தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“திரையப் பாருங்க, மைனஸ் இருபது. இனிமே நீங்க கரண்டியத் தூக்கவே வேணாம்க்கா” என்றேன். என்னமோ ராஜ்ஜியத்தையே எழுதிக் கொடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கீழே இறங்கினேன்.

அக்கா ஆம்பிசிலின் ட்யூப்களை நடுத்தட்டில் பின்சுவரோடு ஒட்டி வைத்தார். குளிர்காற்று அங்கேதான் வந்து விழுந்தது. நல்ல குளிரில் இருக்கட்டும் என்று அந்த இடம்.

மூன்று வாரம் போனது. தட்டுகள் கெட ஆரம்பித்தன. முதலில் கத்தியது ‘ஆறாம் வருஷம்’. அவர் ஆராய்ச்சி மாணவர், ஐந்து வருஷத்தில் முடிக்க வேண்டியதை ஆறாவது வருஷமாக முடித்துக்கொண்டே இருந்ததால் அந்தப் பெயர். அவருடைய தட்டில் ஒவ்வொரு பெரிய புள்ளியைச் சுற்றியும் நூறு பொடிப்புள்ளி முளைத்திருந்தது, கடுகைச் சுற்றிக் கசகசா கொட்டின மாதிரி. திரும்பப் போட்டார். இந்தத் தடவை தட்டு முழுக்கப் பாய் விரித்துவிட்டது. அப்புறம் பக்கத்து அறை, அதற்கும் பக்கத்து அறை. எல்லார் விரலும் மருந்து அறையையே காட்டியது.

“அகாரக் கொதிக்கக் கொதிக்க ஊத்தும்போதே மருந்தப் போட்டிருப்பாங்க. சூட்டுல மருந்து போயிடும்ல” என்றார் ஆறாம் வருஷம்.

“அம்பது டிகிரிக்கு ஆறவச்சு, தெர்மாமீட்டர் விட்டுப் பாத்துத்தான் போடுறேன். நாலு வருஷமா அப்படித்தான்” என்றார் அக்கா.

“அப்போ எடைதான் தப்பு.”

இரண்டு மாதம் முன்னால் அக்கா புதுக் கண்ணாடி போட்டிருந்தார். அது போதாதா? வராண்டாவில் ஒருவர் ‘கண்ணு மங்கிப்போச்சு’ என்றார், இன்னொருவர் ‘தராசுல புள்ளிய எங்க வச்சுப் படிக்கிறாங்களோ’ என்றார். சாப்பாட்டு அறையில் அவர் வந்து உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. நானும் அங்கே இருந்தேன். நானும்தான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். எனக்கென்ன, என் பெட்டி மைனஸ் இருபது காட்டிக்கொண்டிருக்கிறதே என்று இருந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை லிஃப்ட் பக்கத்தில் இருக்கிற அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் குத்தியிருந்தது. மருந்து தயாரிப்பில் தொடர்ந்து ஏற்பட்ட பிழைகளின் காரணமாக, இன்னார் திங்கள் மத்தியானம் முதல் கண்ணாடி கழுவும் பிரிவுக்கே திருப்பி அனுப்பப்படுகிறார், மேடத்தின் கையெழுத்து. போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று படித்தார்கள். அக்காவும் வந்து படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

கழுவுகிற வேலை கேவலம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அங்கேயிருந்துதானே வந்தார். ஆனால் பிழை என்ற வார்த்தை அவரை அறுத்தது. நாலு வருஷத்தில் ஒரு ட்யூப் தேதி இல்லாமல் போனதில்லை, ஒருவர் கையில் ஒரு தடிப்பு வந்ததில்லை. அந்தப் பெயர் திங்கள் மத்தியானத்தோடு போய்விடும். அதற்குள் எங்கே தப்பு என்று கண்டுபிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க ‘கண்ணு மங்கின அம்மா’தான்.

அன்று சாயங்காலம் என் பட்டறைக்கு இறங்கி வந்தார். நான் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தேன். நின்றபடியே கேட்டார்.

“தம்பி, அந்தப் புதுப் பெட்டியில ஏன் ஐஸ் கட்டல?”

“கட்டாதுக்கா. அதான் அதோட பெருமை.”

“கட்டாம எப்படி இருக்கும்? கதவத் தொறக்கிறோம், மூடுறோம். ஈரக் காத்து உள்ள போகுது. அந்த ஈரம் எங்க போகுது?”

“கட்டும், அதுவே உருக்கி வெளிய அனுப்பிடும். நாலஞ்சு மணி நேரத்துக்கோ, ஒம்பது மணி நேரத்துக்கோ ஒரு தடவ, பின்சுவத்துக்குள்ள ஒரு ஹீட்டர்...”

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹீட்டரா? ஃப்ரீசருக்குள்ளயா?”

“அது... கொஞ்ச நேரந்தான்க்கா. உள்ள இருக்கிற சாமான் உருகாது. மீன், கறி எல்லாம் கல்லு மாதிரிதான் இருக்கும்.”

“மீன் ஒரு கிலோ இருக்கும். என் ட்யூப்புல இருக்கிறது பத்துச் சொட்டு. அதையும் பின்சுவத்தோட ஒட்டி வச்சிருக்கேன்.” கோப்பைத் திறந்து ஆம்பிசிலின் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடியில் ஒரு வரிக்குக் கோடு போட்டிருந்தது. கரைசலைத் தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. “இத நான் எப்பவோ படிச்சாச்சு. உங்க பெட்டி அந்த ஜாதின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் என் குணம் விடுமா? “என் பெட்டி மேல பழி போடாதீங்க. திரை மைனஸ் இருபதுன்னு காட்டுது. இயந்திரம் பொய் சொல்லாது” என்று எகிறினேன்.

அக்கா கோபப்படவில்லை. “சரி. நாளைக்குச் சனிக்கிழமை. காலையில எட்டு மணிக்கு வாங்க, உக்காந்து பாப்போம். உங்க பெட்டி நல்லதுன்னா நான் திங்கக்கிழமை பேசாம கீழ போயிடுறேன்” என்றார்.

வீட்டில் என் மனைவியிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். அவள், “பெட்டி நல்லதுன்னா நீங்க ஏன் இவ்வளவு குதிக்கிறீங்க?” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்குப் போனால் அக்கா ஏழரைக்கே வந்து ஏற்பாடெல்லாம் செய்துவிட்டிருந்தார். முதல் நாள் சாயங்காலமே ஆறு ட்யூபில் வெறும் தண்ணீரை உறைய வைத்திருக்கிறார். இப்போது ஒவ்வொரு ஐஸ் மேலும் ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டு, சாயமும் உறைந்ததும், மூன்றைப் பின்சுவரோடும் மூன்றைக் கதவுப் பக்கமும் வைத்தார். உருகினால் சாயம் தண்ணீரோடு கலந்து ட்யூப் முழுக்க நீலமாகும். உருகாவிட்டால் தலையில் மட்டும் நீலத் தொப்பி நிற்கும். இதைவிட எளிதாக யாரும் ஒரு பரிசோதனை செய்து நான் பார்த்ததில்லை. நான் என் பங்குக்குக் கம்பி கட்டிய தெர்மாமீட்டர் ஒன்றைத் தண்ணீர் ட்யூபுக்குள் செருகிப் பின்சுவரோடு வைத்து, கம்பியைக் கதவிடுக்கில் வெளியே விட்டேன்.

உட்கார்ந்தோம். ஒன்பது, பத்து, பதினொன்று. மைனஸ் பத்தொன்பது, மைனஸ் இருபது. ஒரு தடவை கூட அசையவில்லை. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. “என்னக்கா, நான் சொன்னேன்ல?” என்று காலை ஆட்டிக்கொண்டு கேட்டேன். அக்கா பழைய மருந்துப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்று நாற்பதுக்குப் பெட்டியின் முனகல் சட்டென்று நின்றது. உள்ளே லேசாக டிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், ஹீட்டரைப் போட்டுவிடுகிற ரிலே. தெர்மாமீட்டரைப் பார்த்தேன். மைனஸ் பதினெட்டு. மைனஸ் பதிமூன்று. மைனஸ் ஏழு. கதவுத் திரையைப் பார்த்தேன், அது மைனஸ் இருபது என்று கூசாமல் நின்றுகொண்டிருந்தது. மைனஸ் மூன்று. பூஜ்யம். பூஜ்யத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, ஐஸ் உருகும்போது அப்படித்தான் நிற்கும். அப்புறம் ஒன்று, இரண்டு.

“பொய் சொல்லுதே தம்பி உங்க பெட்டி” என்றார் அக்கா, மெல்ல.

பனி நீக்குகிற நேரத்தில் திரை உண்மையைக் காட்டாமல் வைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்படி செய்திருக்கிறார்கள், பார்க்கிறவர் பதறக் கூடாது என்று. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் தொழில் அல்லவா! பெட்டியோடு வந்த புத்தகத்தில் அதுவும் எழுதியிருக்கும். நான் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை.

கதவைத் திறந்தோம். கதவுப் பக்கம் இருந்த மூன்றும் நீலத் தொப்பியோடு நின்றன. பின்சுவரோடு இருந்த மூன்றும் அடிமுதல் நுனிவரை நீலம். அக்கா அந்த மூன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ. மூணு வாரம். பாவம், அந்த மருந்து என்ன பாடுபட்டிருக்கும்!” என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன மன்னிச்சிருங்கக்கா.”

“மன்னிப்பு இருக்கட்டும். எந்திரிங்க, வேலை இருக்கு. பெட்டி உருகுதுன்னா அது பெட்டியோட கதை. மருந்து செத்துதான் தட்டு கெட்டுச்சுன்னு மேடத்துக்குக் கண்ணால காட்டணும்.” புதுத் தூளைக் கரைக்கப் போகிறார் என்று புரிந்தது. பக்கத்தில் போனேன். “நில்லுங்க. உங்களுக்கு ஊசி ஏதும் போட்டுத் தடிச்சிருக்கா? மூச்சு முட்டியிருக்கா?” இல்லை என்றேன். அப்படியும் முகமூடியும் கையுறையும் மாட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார். அப்போதைய என் நிலைமைக்கு, அவர் சொல்லியிருந்தால் தலைகீழாகக் கூட நின்றிருப்பேன்.

தூள் இருந்த புட்டி ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவுக்குள், சாதாரண ஃப்ரிட்ஜில் பத்திரமாக இருந்தது. மின்விசிறியை நிறுத்தினார். ஹூடுக்குள் கரண்டி நுனியால் தூளைத் தட்டித் தட்டிப் போட்டார். தராசு கடைசிப் புள்ளி வரை நின்றதும் என்னைக் கூப்பிட்டு, “படிங்க” என்றார். படித்தேன். அவரும் படித்தார். இரண்டும் ஒன்று. கண் மங்கியிருந்தது எங்களுக்குத்தான். கரைத்து, வடிகட்டி, ஈரத் துணியால் மேடையைத் துடைத்து, துணியை உறையில் போட்டுக் கட்டினார்.

அகாரை ஐம்பது டிகிரிக்கு ஆறவைத்து மூன்று தட்டு ஊற்றினார். முதல் தட்டில் மருந்தே இல்லை. இரண்டாவதில் என் பெட்டியிலிருந்து எடுத்த மருந்து. மூன்றாவதில் இப்போது கரைத்தது. மூன்றிலும் பரப்பப் போவது ஒரே பாக்டீரியா, எந்தத் தாங்கும் சக்தியும் இல்லாத சாதுவான வகை. மருந்து உயிரோடு இருந்தால் ஒன்று கூட முளைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைப் பரப்பி, தட்டுகளை முப்பத்தேழு டிகிரி இன்குபேட்டரில், அதுதான் பாக்டீரியா வளர்க்கிற சூட்டுப்பெட்டி, வைத்து, கதவில் ஒட்டுத்தாள் ஒட்டி, அதில் எங்கள் இருவரின் கையெழுத்தையும் போட வைத்தார். அப்புறம் யாரும் வந்து மாற்றி வைத்தாள் என்று சொல்லக் கூடாது அல்லவா.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மேடத்தை அக்காவே போய்க் கூப்பிட்டார். மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார். பின்னால் ஆறாம் வருஷம், அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கப் பத்துப் பன்னிரண்டு பேர். மருந்து அறை நிரம்பி வராண்டாவில் நின்றார்கள். ஒட்டுத்தாளை மேடத்தின் கையாலேயே கிழிக்கச் சொன்னார் அக்கா.

முதல் தட்டு: பாய் விரித்தாற்போல் வெள்ளை. எதிர்பார்த்ததுதான். இரண்டாவது தட்டு: அதுவும் வெள்ளை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கியிருந்தது. ஆறாம் வருஷம், “இதேதான், என் தட்டும் இதே மாதிரிதான்!” என்று கத்தினார். அக்கா மூன்றாவது தட்டை எடுத்தார். மூடியைத் திறக்காமல் அப்படியே ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை. அந்தத் தட்டு வழியாக எதிர்க் கட்டடத்து ஜன்னல் தெரிந்தது. மேடம் வாங்கி, சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஒன்றும் முளைக்கவில்லை.

“ஒரே தூள், ஒரே தராசு, ஒரே கை, இந்தக் கண்ணாடிதான் போட்டிருந்தேன். எடையும் தப்பில்ல, சூடும் தப்பில்ல. கரைச்சப்புறம் வைக்கிற இடந்தான் தப்பு” என்று ஆரம்பித்து, நீல ட்யூப்கள், தெர்மாமீட்டர் எண்கள், தாளில் கோடு போட்ட வரி, எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். என் பெயரை மட்டும் எடுக்கவில்லை. ‘புதுப் பெட்டி’ என்றார், அவ்வளவுதான்.

“அந்தப் பெட்டிய யாரு வச்சது?” என்றார் மேடம்.

அக்கா தரையைப் பார்த்தார். அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது, அதுதான் என்னைக் கொன்றது. “நான்தான் மேடம்” என்றேன். “வீட்டுப் பெட்டிய லேபுல வச்சேன். பனி உருக்குற பெட்டின்னு அவங்ககிட்ட சொல்லல. சாப்பாட்டு ரூமுல எல்லாரும் அவங்களப் பேசினப்போ வாய மூடிட்டு இருந்தேன். அனுப்புறதா இருந்தா என்ன அனுப்புங்க.”

மேடம் என்னை முறைத்த முறைப்பை விடுங்கள், அதற்கு அப்புறம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் அக்காவிடம் திரும்பி, “ஆர்டர கேன்சல் பண்றேன்மா. நீங்க இங்கேயே இருங்க” என்றார்.

“அது போதாது மேடம்” என்றார் அக்கா. இருபது வருஷத்தில் அவர் மேடத்தை மறுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. “பிழைன்னு எழுதிப் பலகையில குத்தினீங்க. லிஃப்டுக்கு நிக்கிறவங்க எல்லாம் படிச்சாங்க. பிழை இல்லன்னும் அங்கேயே எழுதிக் குத்துங்க. கேன்சல்னு ஒரு கோடு போட்டா, பாவம் பாத்து விட்டாங்கன்னுதான் பேசுவாங்க.”

மேடம் அங்கேயே, தராசு மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே, ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுதினார். எழுதியதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். மருந்து தயாரிப்பில் எந்தப் பிழையும் நடக்கவில்லை. சரியாக விசாரிக்காமல் உத்தரவு போட்டது என் தவறு. இன்று முதல் இவரே மருந்து அறையின் பொறுப்பாளர், தற்காலிகமாக அல்ல.

ஆறாம் வருஷம்தான் முதலில் கை தட்டினார். எடை தப்பு என்று சொன்ன அதே மனுஷன். அப்புறம் வராண்டா முழுக்கக் கைதட்டல். ஒன்றுமே இல்லாத ஒரு தட்டுக்கு இத்தனை பேர் கை தட்டியதை நான் பார்த்ததில்லை. நானும் தட்டினேன், உள்ளங்கை எரிகிற வரைக்கும் தட்டினேன். அக்கா புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், திரும்ப மாட்டினார், சிரித்தார்.

“என்னம்மா செய்யணும் இப்ப, நீங்களே சொல்லுங்க” என்றார் மேடம்.

அக்கா சொன்னார். அந்தப் பெட்டியில் இருக்கிற மருந்து ட்யூப் ஒன்று விடாமல் வெளியே வர வேண்டும். தொட்டியில் ஊற்றக் கூடாது, சாக்கடையில் இருக்கிற பாக்டீரியா பழகிக்கொள்ளும். எல்லாம் இரசாயனக் கழிவுப் பெட்டிக்கு. தட்டுகள் அழுத்தச் சூட்டில் வெந்த பிறகுதான் குப்பைக்கு. இரண்டு இரண்டு பேராகக் கையுறை போட்டு வரிசையில் வர வேண்டும், மூட்டை கட்டத் தெரியாதவர்கள் ட்ரே தூக்கலாம்.

மேடம் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். கையுறை வாங்கி மாட்டினார். முதல் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு, “எங்கம்மா வைக்கணும்?” என்று கேட்டபடி அக்காவுக்குப் பின்னால் நடந்தார்.